பிற, குறிப்பிடவும்

பல்கலைக்கழகம் அனுப்பிய படிவத்தில்
ஏழாவது கேள்வி:
இணையவழிப் படிப்பில் உங்கள் அனுபவத்தைப் பாதித்த காரணிகள் எவை?
பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கலாம்.

இணைய வேகம். ஒரு டிக்.
இடவசதி.
இதற்கு ஒரு டிக் போதுமா தெரியவில்லை.
உட்லண்ட்ஸ், ஈரறை வீடு, பதினோராம் மாடி.
சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் தம்பி,
உயர்நிலை மூன்று, வேதியியல்.
மறுமுனையில் அம்மா.
காப்புறுதி நிறுவனத்துக்காகத் தொலைபேசியில்
நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பது அவள் வேலை.
நடுவில் சம்பல் பாட்டில்.
எனக்குப் படுக்கையறைத் தரை.
அங்கேதான் அப்பா,
பாசிர் பாஞ்சாங்கில் விடிய விடியக் கொள்கலன் இறக்கிவிட்டு
ஒன்பது மணிக்குத் தூங்குகிறார்.
பத்து மணிக்கு எனக்குப் புள்ளியியல்.

பங்கேற்புக்குப் பத்து மதிப்பெண்.
வாய் திறந்தால்தான் பங்கேற்பு.
"டாமாயான்டி, இருக்கிறீர்களா?"
பேராசிரியர் லோ நல்லவர், பெயரை ஒருநாளும் விட்டுவிட மாட்டார்.
இருக்கிறேன் ஐயா,
உங்கள் குரலுக்கும் அப்பாவின் குறட்டைக்கும் நடுவில்.
'மைக் பழுது' என்று தட்டினேன்.
பாதிப் பருவம் வரை அது பழுதாகவே இருந்தது.

பிறகு படிக்கட்டுக்குப் போனேன்.
வீட்டு இணையம் இரண்டாவது திருப்பம் வரை வரும்,
ஒற்றைக் கோடாக.
யாரோ பூட்டிவைத்துச் சாவியை மறந்த சைக்கிள்.
காகிதம் எரித்த தகர டின்.
தொடையில் ஏறும் சிமெண்டுக் குளிர்.
ஒருமுறை சிவப்புச் சட்டைத் தூதர் ஒருவர் ஏறி வந்து
மடிக்கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுக்கச் சொல்லிவிட்டு
இறங்கிப் போனார்.

என் இயர்போனில் ஒரு காது செத்துப்போயிருந்தது.
உயிருள்ள காதில் பேராசிரியர் லோ சொன்னார்:
இரண்டு எண்கள் சேர்ந்து ஏறி இறங்குவதாலேயே
ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.
அரை நொடி கழித்து
செத்த காதில்
இன்னொரு பேராசிரியர் லோ
காரணம் ஆகிவிடாது, என்றார்.

எட்டிப் பார்த்தேன்.
இரண்டு மாடி கீழே நீல நிறத் துடோங்,
மைலோ டின்மேல் சாய்த்துவைத்த கைப்பேசி,
பிய்த்துத் தின்னும் பன்.
திரையில் இருநூற்றுப் பதினான்கு கறுப்புக் கட்டங்கள்.
அதில் எது இவள்?

மைக்கைத் திறந்தேன்.
"எனக்கு ஒரு கேள்வி."
என்ன கேட்டேன் என்பது மறந்துவிட்டது.
என் குரல் எனக்கே படியேறி வந்ததும்
நீலத் துடோங் அண்ணாந்ததும் நினைவிருக்கிறது.
முகக்கவசத்துக்கு மேல் இரண்டு கண்கள்.
பிறகு கைப்பேசியை என்னை நோக்கித் தூக்கிக் காட்டினாள்.
கறுப்புக் கட்டத்தில் வெள்ளையாக
என் பெயர்.

அவள் இஸ்ஸாத்தி.
அவள் வீட்டில் தம்பி தங்கைகள் நான்கு பேர், ஒரே கைப்பேசி.
அடுத்த வாரம் ஒரு மாடி மேலே வந்து உட்கார்ந்தாள்.
நான் அரை மாடி இறங்கினேன்,
அதற்குமேல் இறங்கினால் கோடு அறுந்துவிடும்.
அதிகம் பேசவில்லை. பாடம் இருந்தது.
என் மின்கலம் சாகும்போது அவள் ஒலியைக் கூட்டி வைப்பாள்.
லோ அன்று நடத்தியதற்குத் தமிழில்
ஒட்டுறவு என்று பெயர்,
அகராதியில் பார்த்தேன்.
ஒட்டு என்றும் உறவு என்றும் பிரித்துச் சொன்னேன்.
சிரித்தாள். நான் சொன்னது புரிந்ததா தெரியாது.

தேர்வு வீட்டிலேயே, கேமரா முன்னால்.
அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது விதி.
அப்பா இரண்டு மணி நேரம் கழிவறையில் உட்கார்ந்திருந்தார்,
வேலைச் சட்டையோடு.

இந்தப் பருவம் படிக்கட்டில் அவள் இல்லை.
கிடங்கில் வேலையாம், விடுப்பாம், முடித்துவிட்டு வருவாளாம்.
காரணம் கேட்கவில்லை.

கடைசிப் பெட்டி: பிற, குறிப்பிடவும்.
ஐம்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
யாரும் படிக்கப்போவதில்லை என்று தமிழில் தட்டினேன்.
புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாய்க் கணக்குப் பார்த்து
'பத்தாம் மாடிக்கும் பதினோராம் மாடிக்கும்' என்பதோடு
நின்றுவிட்டது.
சமர்ப்பித்தேன்.